வானுக்குக் கீழே கிடந்த சிவப்பு

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் தயங்கினேன். அப்பா இருக்கும்வரை மனம் துணியவில்லை. அவர் சிவபதம் அடைந்து, முதலாம் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ்தான் எனக்கு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புலம்பெயர்ந்து வந்து நாங்கள் வாழ்ந்த ரெய்னர்ஸ் லேனில் எங்களோடு இருந்த பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுக்க வேண்டும். தூரத்து ஊர் முருகன் கோயில் தேருக்குப் போய் ஒருமுறையாவது வடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காகவே அப்பா வீடுபோன்ற பழைய மோட்டர்ஹோம் வான் ஒன்றை வாங்கினார். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருந்தன. கியர் தானாக மாறும்.

"வீட்டுக்குச் சில்லுப் பூட்டியாச்சு. இனி ஓடினாச் சரி," என்றார் அம்மா.

கொண்டுவந்த அன்றே சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரால் அம்மா வானுக்கு ஆரத்தி எடுத்தார். தட்டை என்னிடம் தந்து, வானுக்கு முன்னால் ஊற்றச் சொன்னார். அடுத்த வீட்டுப் பெண் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுற்றிப்போய்ப் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் வானுக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம் கிடந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"பிள்ளை வடிவா ஊத்தியிருக்கிறாள். மழைக்கும் போகேல்லை பார். முருகன்ரை அருள்."

சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவினார். அது என்னுடையதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையை இழக்க மனம் வரவில்லை. கானுக்குள் ஊற்றியதைச் சொல்லவில்லை.

தேரன்று காலை எஞ்சினைப் போடாமலே கியர்பொக்ஸ் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, "கோட்டுக்கு மேலையே நிக்குது," என்றார் அப்பா. பெரியம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து வெளிக்கிட்டோம்.

பாதி வழியில் ஒரு மேட்டில் எஞ்சின் கத்தியது, வான் ஏறவில்லை. எரிந்த மணம் வந்தது. அப்பா வானை ஓரங்கட்டினார்.

"தேர் எத்தினை மணிக்கு?" என்று பெரியம்மா குழறிய நாக்கால் கேட்டார்.

"பன்னிரண்டுக்குத்தான் அக்கா இழுப்பினம். போயிடலாம்," என்றார் அம்மா.

உதவிக்கு வந்த வெள்ளைக்கார மெக்கானிக் எஞ்சினை ஓட விட்டபடியே கம்பியை இழுத்தார். நுனியில் மட்டும் கபில நிறத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எஞ்சின் சூடாகி ஓடும்போதுதான் இதை அளக்க வேண்டும், நிறுத்தி அளந்தால் ஒயில் கீழே வடிந்து நிறைய இருப்பதுபோல் காட்டும் என்றார். புது ஒயில் விட்டும் கியர் பிடிக்கவில்லை. உள்ளே கருகிவிட்டதாம். நாட்கணக்காய் ஒழுகியிருக்கும், நல்ல ஒயில் சிவப்பாகத்தான் இருக்கும், வீட்டில் வானுக்குக் கீழே சிவப்பாக ஒன்றும் காணவில்லையா என்று கேட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது உன்ரை ஆரத்திதானே, பிள்ளை?"

"ஓம் அப்பா."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப இண்டைக்குத்தான் ஒழுகத் தொடங்கியிருக்கு. எல்லாம் அவன் செயல்."

பன்னிரண்டு மணிக்குப் பெரியம்மா படுத்தபடியே இயங்குகிற ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கினார். கண்ணோரம் நனைந்து தலையணைக்கு வடிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவர் காதோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வெளியே நின்ற அப்பாவைக் கண்ணால் காட்டினார். பிறகு, "கொப்பருக்குச் சொல்லிப்போடாதை. ஒருநாளும்," என்றார்.

அடுத்த தேருக்குப் பெரியம்மா இல்லை.

பெரியம்மா என்னை அப்பாவின் அடியிலிருந்து காப்பாற்றினார் என்றே அன்று நினைத்தேன். அந்தச் சிவப்பை விரலால் தொட்டு மணந்து பார்த்திருந்தாலே அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அது தெரியவந்தால் அந்த மனிதர் தன்னை மன்னிக்கமாட்டார். தன் தேர் போன அந்த நேரத்திலும் பெரியம்மா அவரைத்தான் யோசித்தார் என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.

வாசிக்கிறவர்கள் இதை யாருக்காவது சொல்வதென்றால் உள்ளபடியே சொல்லுங்கள். முருகன் தடுத்தார் என்று சேர்க்க வேண்டாம். அப்பா கவனிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டாம். கேட்ட நேரத்தில் "ஓம்" என்று சொன்னவள் நான்.