ஒரு சைக்கிள் டியூபின் இரண்டு பாதிகள்

இங்கே சத்தம் போடுவதற்கென்றே ஓர் அறை உண்டு. அதைக் கேட்பதற்கென்றே பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் இரும்பு அறைகள். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தகடு. சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் கப்பல் பட்டறையின் சோதனைக்கூடம் இது. ஓர் அறையில் ஸ்பீக்கர்கள் உறும, மறு அறையில் மைக்குகள் கேட்டுக்கொண்டிருக்கும். அப்போது நான் தும்மவும் கூடாது. கண்டெய்னர் லாரி ஹாரனுக்கு நடுவே தூங்கிப் பழகிய திருவொற்றியூர்க்காரனுக்கு முதல் மாதம் இதெல்லாம் சிரிப்பாக இருந்தது.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குத் தகடு மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. அதிகம் பேசமாட்டேன். ஆனால் என்ஜினியர் லிம்மின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவரே காகிதத்தில் வரைந்து காட்டினார். கப்பல் முழுவதற்கும் கணக்குப் போட்டால் கம்ப்யூட்டருக்கு நாள் கணக்கில் ஆகுமாம். அதனால் என்ஜின் அறை ஓர் எளிய பெட்டி, ஆட்கள் தூங்கும் அறை இன்னொரு எளிய பெட்டி. உள்ளே இருக்கும் குழாய், கட்டில் எதையும் எண்ண வேண்டாம். இரண்டும் சேரும் விளிம்பில் ஒன்று மற்றதை எப்படி அசைக்கிறது என்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். "எட்ஜ் வெரி இம்பார்ட்டன்ட்" என்று அந்தக் கோட்டைப் பென்சிலால் தடிப்பாக்கினார்.

எனக்குத் திருவொற்றியூர் காலடிப்பேட்டை வீடு கண்ணில் வந்தது. ஒரே சுவர், இரண்டு குடித்தனம். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் என்னென்ன சாமான் உண்டென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் கிரைண்டர் போட்டால் அவர் அலமாரியில் டம்ளர் ஆடும். "யோவ், மாவு ஆட்றியா, இல்ல வூட்டுக்குள்ள கூட்ஸ் வண்டி வுட்டுக்கினு கீறியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். பழைய சைக்கிள் டியூபைப் பாதியாக வெட்டி கிரைண்டருக்கு அடியில் மடித்து வைத்தேன். டம்ளர் அடங்கியது. மீதிப் பாதியால்தான், ஊரைவிட்டுக் கிளம்பியபோது, என் பெட்டியைக் கட்டினேன்.

அந்தப் பழக்கம்தான் இங்கே வினையானது. லிம்மின் தகடு, அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் லேசாகக் கடகடத்தது. யாரும் சொல்லாமலே பெட்டியைக் கட்டிய அந்தப் பாதி டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, விளிம்பு நெடுகக் கொடுத்து போல்ட்டை முடுக்கினேன். நல்லது செய்த திருப்தி எனக்கு. மூன்று வாரமாகக் கம்ப்யூட்டர் திரையில் லிம்மின் கணக்குக் கோடு ஒரு பக்கம் போனது, மைக் காட்டிய கோடு வேறு பக்கம் போனது. வெள்ளிக்கிழமைக்குள் பொருந்தாவிட்டால் இந்த முறையையே கைவிடும்படி மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். தகடு சட்டத்தை எப்படிப் பிடித்திருப்பதாகத் தன் கணக்கு என்று அவர் விரல்களை இறுகக் கோத்துக் காட்டினார். அந்த விரல்களுக்கு நடுவேதான் நான் ரப்பரைக் கொடுத்திருந்தேன்.

அறைத் தோழன் ராயபுரத்து தாஸிடம் சொன்னேன்.

"மாமு, இந்த மாசந்தான் உன் பர்மிட்டு முடியுது. வாயத் தொறந்தே, நேரா மீனம்பாக்கம்தான். கம்முனு ரப்பர உருவிட்டு போல்ட்டப் போடு."

"அந்தாளு மூணு வாரமா பேஜாராயிட்டு கீறாருப்பா."

"நீ ஊருக்குப் போயி இன்னா ஆவப்போறே, அத்த யோசி."

உருவினால் கோடுகள் சேர்ந்துவிடும். ஆனால் ஏன் சேர்ந்தன என்று லிம்முக்குத் தெரியவே தெரியாது. அதுதான் என்னை உறுத்தியது. வியாழன் காலை அவர் முன்னாலேயே போல்ட்டைத் தளர்த்தி ஒரு கீற்றை எடுத்து நீட்டினேன். "மை மிஸ்டேக், சார்."

"வொய்?"

"சவுண்ட், சார். ஹவுஸ். கிரைண்டர்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகம் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து மிச்சத்தையும் உருவப் போனேன். "நோ, நோ!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த ரப்பரைக் கிள்ளிப் பார்த்தார். அதன்மேல் எடைக்கல் வைத்து எவ்வளவு நசுங்குகிறது என்று அளந்தார். அந்த அளவைக் கணக்கின் விளிம்பில் சேர்த்தார். மாலைக்குள் கோடுகள் நெருங்கிவிட்டன. தாழ்ந்த உறுமல் சத்தத்தில் மட்டும் கொஞ்சம் விலகல். நிஜக் கப்பலிலும் உன்னைப் போல ஒருவன் எதையாவது செருகியிருப்பான் என்று என்னைக் கையால் காட்டிச் சொல்லிச் சிரித்தார். ரப்பர் அங்கேயே இருக்கட்டும் என்றார். சூப்பர்வைசர் மட்டும் நன்றாகத் திட்டினார். பர்மிட் இன்னும் ஒரு வருஷத்துக்கு நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குப் போன் செய்தேன்.

"கிரைண்டருக்குக் கீய டியூபு நசுங்கிப் பூட்ச்சு. சரோஜாக்கா மறுபடி கத்துது. எப்ப வந்து மாத்துவே?"

"அடுத்த வருசம்."

"அதுவரிக்கும் அக்கா வாய யாரு மூடறது?" என்று சிரித்தாள். பின்னால் கிரைண்டர் கல் சுற்றுவது கேட்டது.

மறுநாள் ஸ்பீக்கர் உறுமியபோது தகட்டின் விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தேன். ஊரில் டோல்கேட் சைக்கிள் கடையில் அந்த டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிய இடம் அங்கேதான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் நசுங்கியபடி, மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.