தலையில் ஊசி இல்லாதவள்

என் அம்மா விதோசவா ஏழு வருடமாகக் குளிர்கிடங்கு இருக்கும் பக்கத்து நடைபாதையில் கால் வைத்ததில்லை. தபால் நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் பாலத்துக்கு முன்பே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடப்பாள். கிடங்கைத் தாண்டிய பிறகு மறுபடி கடந்து வருவாள். எதிர்ப்பக்கம் யாரும் பனியை வாருவதில்லை. முழங்கால் அளவு பனியில் நடந்து இரண்டு முறை விழுந்திருக்கிறாள். ஒருமுறை மணிக்கட்டு பிசகியது. "அந்த ஆளோட சுவத்து நிழல்கூட என் மேல படக்கூடாது" என்பாள். கிடங்கின் முதலாளி ராதொய்கோவின் பெயர் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

பதினான்கு வருடம் அங்கே வேலை பார்த்தவள் அவள். அப்பா வியன்னாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். என்னை வளர்த்தது ராஸ்பெர்ரிதான். எங்கள் பள்ளத்தாக்கில் பறிக்கிற பழமெல்லாம் கிடங்கில் உறைய வைக்கப்படும். உறைந்த பழத்தைப் பெல்ட்டில் ஓடவிட்டு, முழுப்பழம், உடைந்தது, காம்பு, இலை என்று பெண்கள் பிரிப்பார்கள். குளிரில் விரல் மரத்துப்போகும். அம்மாவின் இரண்டு மோதிர விரல்களும் இப்போது நேராக நீளுவதில்லை. ஆனால் அவள் கையைத் தாண்டி ஒரு காம்பு போனதில்லை என்று கூட வேலை செய்தவர்களே சொல்வார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு ஜூலை மாதம் ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்கில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே நீலத் தலை வைத்த கொண்டை ஊசி ஒன்று. ராதொய்கோ நாற்பது பெண்களையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தித் தொப்பியைக் கழற்றச் சொன்னார். முப்பத்தொன்பது தலையில் ஊசி இருந்தது. பெல்ட்டில் ஊசி கூடாது என்று சுவரில் எழுதியிருந்த விதியை மதித்து, முடியைத் துணியால் இறுக்கிக் கட்டி வந்தவள் என் அம்மா ஒருத்திதான்.

"எல்லார்கிட்டயும் ஊசி இருக்கு. உன்கிட்ட மட்டும் இல்ல. அப்போ காணாமப் போனது யாரோடது?" என்று கேட்டார் ராதொய்கோ.

விசாரணை அவ்வளவுதான். அவளைக் கேட் வரை நடத்திக்கொண்டு போய் வெளியே விட்டார். அவிழ்ந்த முடியோடு அவள் ஊர் நடுவே வீடு வந்து சேர்ந்தாள். அந்த ஊசி யாருடையது என்று முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் மனைவி தெசாங்கா அந்த மாதம் முழுக்க அதே நீல ஊசிகளைச் செருகிக்கொண்டு, தொப்பி போடாமல், வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கிடங்கைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பள்ளியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்த ஸ்டானாவும் அந்தக் கோடையில் அங்கே வேலைக்கு நின்றாள். அவளும் திறக்கவில்லை.

பள்ளத்தாக்கில் வேறு எந்தக் கிடங்கும் அம்மாவைச் சேர்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் ராஸ்பெர்ரிச் செடிகளை அந்த இலையுதிர் காலத்திலேயே வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிட்டு உருளைக்கிழங்கு போட்டாள். பழம் விளைந்தால் அந்த ஆளிடம்தான் போய்ச் சேரும் என்றாள். பிறகு பக்கத்து ஊர்த் தோட்டங்களில் கூலிக்குப் பறித்து என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். அந்தப் படிப்பை நான் விரும்பித்தான் எடுத்தேனா, அந்த முற்றத்தை நினைத்து எடுத்தேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நேர்மையான பதில் கிடைத்ததில்லை.

பெல்கிரேடில், கிடங்குகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. போன டிசம்பரில் வந்த பட்டியலில் ராதொய்கோவின் கிடங்கு இருந்தது. இந்த இடத்தோடு உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று குறித்தேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதுதான் பிறகு என்னை உறுத்தியது.

ஆய்வுக்கு முந்தின நாள் மாலை பேருந்தில் ஊருக்குப் போய் இறங்கினேன். அம்மா அவித்த பீன்ஸை அடுப்பிலிருந்து எடுத்துவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு உள்ள போற?"

"எட்டு."

"மூணாவது அறையைப் பாரு."

"எல்லா அறையையும்தான் பார்ப்போம்மா."

"நீ எல்லாத்தையும் பார்ப்ப. அவன் ரெண்டைத்தான் காட்டுவான். நாளான்னிக்கு அவன் வீட்டுல புனித நிக்கோலா நாள் விருந்து. விரத காலம் வேற, கறி ஆகாது, மீனுதான். ஊரு பூரா வாங்குற கெண்டை மீன் எங்க உறைஞ்சு கிடக்கும்னு நினைக்குற? நம்ம வீட்டு ஐஸ்பெட்டியிலயா?"

"ராஸ்பெர்ரியோடயா? ஒரே அறையிலயா?"

"ஏழு வருஷமா உனக்காக வச்சிருந்தேன்டி இதை. சாப்பிடு. நாளைக்குத் தெம்பு வேணும்."

மீன் சிலருக்கு ஒவ்வாது. அதனால் பழம் இருக்கும் அறையில் மீன் இருந்தால் சான்றிதழ் அங்கேயே நின்றுபோகும். அதை நினைக்கும்போதே எனக்கு இனித்தது. மறைக்க விரும்பவில்லை.

காலையில் ராதொய்கோ கேட்டிலேயே நின்று வரவேற்றார். முடி முழுக்க நரைத்திருந்தது.

"அடடே, விதா பொண்ணா! வாம்மா, வா. இத்துனூண்டு இருக்கப்ப இந்த முற்றத்துல சைக்கிள் ஓட்டிக்கிட்டுத் திரிவ. இப்ப எங்களையே சோதிக்க வந்துட்ட. காபி குடிச்சிட்டுத்தான் வேலை."

காபி வேண்டாம் என்றேன். என்னைச் சுற்றிக் காட்ட வந்தவள் ஸ்டானா. இப்போது அவள்தான் அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். கட்டிப்பிடித்தாள். நான் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன். முதல் இரண்டு அறைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதன் முன்னால் அவள் நடையை வேகப்படுத்தினாள்.

"இது பனி உருக்குறதுக்கு நிறுத்தி வச்சிருக்கு. உள்ள ஒண்ணுமில்ல."

"கதவுல வெப்பமானி மைனஸ் இருபத்திரண்டு காட்டுதே. ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு குளிரு?"

"உனக்கு அப்பவே கணக்கு வராது. என்னைப் பார்த்துதான் எழுதுவ."

"இப்ப வருது. திற."

திறந்தாள். பழப்பெட்டி அடுக்குகளின் மேலேயே வெள்ளைச் சாக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மையால் பெயர்: பாதிரியார், பேக்கரி, பள்ளி, காவல்காரர். ஒன்றில் ஸ்டானா என்று இருந்தது. நான் ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன்.

"எழுதாதே, நெவேனா" என்றாள். பெயர் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டு எத்தனையோ வருடம். "நாற்பது பேரு வேலை இது."

"ஏழு வருஷத்துக்கு முன்னாடியும் நாற்பது பேரு இருந்தீங்க. அதுல ஒருத்தி போனப்ப என்ன பண்ணின?"

"எனக்கு அப்ப பதினெட்டு வயசுடி."

"எனக்கும்தான். அந்த ஊசி யாரோடதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். தெசாங்கா அக்காவோட ஊசி. சொல்லட்டுமா? சொல்லிட்டு நாளைக்கு எங்க போறது? பெல்கிரேடுக்கா, உன் ரூமுக்கா?"

கையுறையைக் கழற்றினேன்.

அலுவலக அறையில் ராதொய்கோ படங்களை அமைதியாகப் பார்த்தார். கோபப்படவில்லை.

"சரிம்மா. எழுது. மீனு இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். நீ யாரு பொண்ணுன்னு உங்க ஆபீஸுக்குத் தெரியுமா?"

நான் படிவங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"தெரியாதுல்ல. அப்ப நானும் ஒரு கடுதாசி எழுதுறேன். பழி வாங்க வந்துச்சுன்னு. உன் காகிதமும் போகும், உன் வேலையும் போகும். யோசி."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன், படிவத்தில் எழுதிய பொய்யையும் சேர்த்து. அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"படிச்சவ நீ. பொய் சொன்னா எங்க சொல்லணும்னு தெரிய வேணாம்?"

"அவர் எழுதுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடப் போறேன்மா."

"சொன்னா?"

"அறிக்கையை ரத்து பண்ணுவாங்க. வேற ஆள் வருவாங்க."

"எப்ப?"

"ரெண்டு வாரத்துல."

"ரெண்டு வாரத்துல அந்த மீனு எல்லார் வயித்துலயும் இருக்கும்." கத்தியை வைத்தாள். "சரி, சொல்லிக்கோ. அவன் கையில உன் பிடி இருக்கக் கூடாது. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். திங்கட்கிழமை வந்து பார், எழுத்துமூல எச்சரிக்கை நிச்சயம், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். படங்களை என்ன செய்ய என்று கேட்டேன். அனுப்பு, ஆனால் உன் பெயரில் எதுவும் செல்லாது என்றார். அனுப்பினேன். என்னிடம் இருந்த ஒரே கத்தி மொட்டையாகிவிட்டது. யாரும் அதைப் பிடித்து என் பக்கமே திருப்ப முடியாது என்பது மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் நண்பகலில் அம்மா கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு போத்தல் ஒயினும் காபிப் பொட்டலமும்.

"எங்கம்மா?"

"ஸ்லாவாவுக்கு. அவன் வீட்டுக்கு."

ஸ்லாவா என்னும் குடும்பப் புனிதரின் நாளுக்கு எங்கள் ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வருவார். வந்தவர் பகையாளியே ஆனாலும் வாசலில் மறிக்கக் கூடாது. ஏழு வருடமாக அவள் அங்கே போகாமலிருந்ததை மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கதவு ஏழு வருடமும் திறந்தே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இத்தனை வருஷம் ஏன் போகல?"

"தனியா போனா அழுதுடுவேன்னு பயம். வா."

கிடங்குப் பக்கத்து நடைபாதையில் நடந்தாள்.

ராதொய்கோவின் வீட்டில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப்பேர் பெல்ட்டில் நின்ற பெண்கள், ஸ்டானாவும் இருந்தாள். மேசையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அம்மா ஒயினையும் காபியையும் நீட்டினாள்.

"நல்ல நாள் வாழ்த்து, வீட்டுக்காரரே."

"வா, விதா." வேறென்ன சொல்ல முடியும் அவரால். புனிதருக்குப் படைத்த அவித்த கோதுமைத் தட்டை எடுத்துவந்து நீட்டினார். வாசல் தாண்டும் ஒவ்வொருவரும் சிலுவை போட்டு ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அம்மா சிலுவை போட்டாள். கரண்டியை எடுக்கவில்லை.

"எடுத்துக்கோ, விதா."

"எடுக்குறேன். அந்த ஊசி யாரோடதுன்னு சொல்லு, எடுக்குறேன்."

"இன்னிக்கு என்ன பேச்சு இது? நல்ல நாளும் அதுவுமா."

"நல்ல நாள்னுதான் கேக்குறேன். மெழுகுவர்த்தி எரியுது. உன் புனிதர் சுவத்துப் படத்துல இருந்து பார்க்குறாரு. பொய் சொல்லிட்டுத் தட்டை நீட்டு, தின்னுட்டுப் போறேன்."

எங்களுக்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள் வந்து வாசற்படியில் நின்றன. தட்டு நகர்ந்தால்தான் அவர்கள் உள்ளே வர முடியும். கதவு திறந்து கிடந்ததால் குளிர் உள்ளே அடித்தது. யாரோ இருமினார்கள். ராதொய்கோ தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். கோதுமை மேல் தூவிய சர்க்கரை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"விதாக்கா, விடுங்களேன்" என்றாள் மேசையிலிருந்து ஒருத்தி.

"நீ விட்டுட்ட. நான் விடல" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

ஸ்டானா எழுந்து நின்றாள். அவள் பேசுவதற்குள் சமையலறைக் கதவில் தெசாங்கா வந்து நின்றாள், இரண்டு கையிலும் மீன் சூப்புப் பானையோடு.

"என்னோடது" என்றாள். "என் ஊசி. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், இங்க உட்கார்ந்திருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். போதுமா? சூப்பு ஆறுது."

ராதொய்கோ மனைவியைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை.

"நீயும் சொல்லு" என்றாள் அம்மா.

"தெசாங்காவோடதுதான்." வாய்க்குள்ளேயே சொன்னார்.

"வாசல்ல நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"தெசாங்காவோட ஊசி. விதாவோடது இல்ல."

அம்மா கரண்டி நிறைய அள்ளி மென்று விழுங்கினாள். பிறகு மேசைக்குப் போய் பாதிரியாருக்கு என்று விட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த நாளில் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. விருந்தாளி இருக்கும்வரை நின்று பரிமாற வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஸ்டானா போகும்போது அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா அதைத் தட்டிவிடவில்லை, ஏற்கவுமில்லை. நான்கு மணியாகியும் அம்மா எழவில்லை. பீன்ஸ் கேட்டாள். ரொட்டி கேட்டாள். மீன் துண்டு சின்னதாக இருக்கிறது, வால் பக்கம் வேண்டாம் என்றாள். ராதொய்கோ ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து வைத்தார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். சுவரில் சாய்ந்தார். அம்மா தலை உயர்த்தியதும் நிமிர்ந்தார்.

"போகலாம்மா" என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னேன்.

"அவசரம்னா நீ போ. எனக்கு இன்னும் உப்பு வேணும்."

உப்பு வந்தது. அவர் முகத்தில் வியர்வை. இவருக்காக நான் வருத்தப்பட வேண்டுமோ, படித்தவள் அப்படித்தானே செய்ய வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. என் கோப்பையை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

"எனக்குத் தண்ணி."