பாலக்கோட்டுக்கு வந்த படகு மோட்டார்

பாலக்கோட்டில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்த செபாஸ்டினுக்குத் ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. ஆயில் எஞ்சின், கரண்ட் மோட்டார், மாவு மில், எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “ஓ, இதுவா!” என்பார். பாதிக்கு மேல் சரியாகிவிடும். சரியாகாததை, “செஞ்சவனே தப்பா செஞ்சிருக்கான்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். பஞ்சாயத்து ரேடியோவை அவர் பார்த்துக் கொடுத்த நாளிலிருந்து அது பேசவேயில்லை. ஆனாலும் ஊரில் அவர் பேர் கெடவில்லை. அவர் பேசும் தோரணை அப்படி.

அறுபத்தெட்டாம் வருஷம் மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒருநாள் பஸ்ஸிலிருந்து ஒருவர் கோணிச்சாக்கில் சுற்றிய எதையோ குழந்தையைத் தூக்குவதுபோலத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்கும் ஒட்டனூர்க் கரையில் பரிசல் போட்டு மீன்பிடிக்கும் மாதப்பன் அவர். அந்தக் கரை மீன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு படகும், அதன் பின்புறம் மாட்டும் மோட்டாரும் வாங்கியிருந்தார்கள்.

“பத்தடி போறதுக்குள்ள அடுப்பாட்டம் கொதிக்குதுங்க. பொகையும் வருது. அப்புறம் நின்னுபோவுது” என்றார் மாதப்பன்.

செபாஸ்டின் சாக்கைப் பிரித்தார். மேலே ஒரு தலை, கீழே நீண்ட ஒற்றைக் கால், கால் நுனியில் மூன்று இறக்கை வைத்த விசிறி. வாழ்நாளில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“ஓ, இதுவா!” என்றார்.

பெஞ்சில் சாய்த்துக் கட்டி, பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மோட்டார் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைத் தக்காளிக் கூடையில் ஏறியிருந்த கோழி கூரைக்குப் போய்விட்டது. விசிறி சுற்றிய காற்றில் செபாஸ்டினின் லுங்கி விரிந்த குடையாகிவிட்டது. ஒரு கையால் மோட்டாரையும் ஒரு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, கொஞ்ச நேரத்தில் மோட்டார் தீய்ந்த வாடையடித்து நின்றது.

“சூடு” என்றார் செபாஸ்டின், கண்டுபிடித்தவர் மாதிரி.

“அதத்தானுங்களே நானும் சொன்னேன்” என்றார் மாதப்பன். “அப்புறம், இது தண்ணியிலதானுங்க ஓடும்.”

“அது எனக்குத் தெரியாதா? காஞ்சு கெடந்தா எப்படி ஓடுதுன்னு பாத்தேன்.”

சூடு என்ற சொல் காதில் விழுந்ததும் தெருவே வைத்தியம் பார்க்க வந்துவிட்டது. மோர் ஊற்றச் சொன்னாள் பூக்கார பாஞ்சாலி. எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிறு சுத்தமாகும் என்றார் டீக்கடைக்காரர். ஈரச்சாக்கு போட்டதில் அது இன்னும் அதிகமாகப் புகைந்ததுதான் மிச்சம்.

தண்ணீரில் வைத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. தக்காளி போட்டிருந்த தீர்த்தகிரியின் தோட்டத்தில் பம்புசெட் தண்ணீர் விழும் சிமெண்ட் தொட்டி இருந்தது. தொட்டிமேல் ஒரு பலகையைக் கட்டி, மோட்டாரை அதில் மாட்டி, கயிற்றை இழுத்தார் செபாஸ்டின்.

இழுத்ததுதான் தெரியும். தொட்டித் தண்ணீர் மொத்தமும் கிளம்பி வானத்தில் ஏறி தக்காளிப் பாத்தியில் விழுந்தது. பாதி வழியில் நின்றிருந்த மாதப்பன்மேலும் விழுந்தது.

“அட சாமி! பம்புசெட்டு ஒரு பொழுது பாய்ச்சறத இது ஒரே மூச்சுல பாய்ச்சிடுச்சே!” என்று குதித்தார் தீர்த்தகிரி. “ஏப்பா செபாஸ்டினு, இது என்ன வெலைன்னு கேளு. நானே எடுத்துக்கறேன்!”

“பாய்ச்சறதுக்கு மொதல்ல தொட்டிய ரொப்பறது யாருங்க?” என்று கேட்டார் செபாஸ்டின். தீர்த்தகிரி அதை யோசிக்கப் போய்விட்டார். மோட்டார் மறுபடியும் புகைந்து நின்றது.

செபாஸ்டின் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். இனி ‘செஞ்சவன் தப்பு’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்துபோய், கோபம்கூடப் படாமல் மோட்டாரின் தலையைத் தன் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தார் மாதப்பன். அதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

“எப்ப இருந்துங்க இப்படி?” என்று கேட்டார். மோட்டாரைப் பற்றி அன்று அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“மொத நாளு நல்லாத்தானுங்க ஓடுச்சு. ஒரே ஒரு கொறதான். பின்னால சின்ன ஓட்டை இருக்குதுங்களே, அதுல கொழந்த ஒண்ணுக்குப் போறாப்புல தண்ணி வந்துட்டே இருந்துச்சு. மக்கா நாளுதான் நின்னுது.”

“தானா நின்னுதா?”

“நாந்தானுங்க நிறுத்தினேன்” என்றார் மாதப்பன் பெருமையாக. “மேல ஒழுவுதுன்னா கீழ எங்கியோ பூருதுன்னுதானே அர்த்தம்? தடவிப் பாத்தேன். கால்ல சல்லடையாட்டம் பொத்தலு. நம்ம பரிசலுக்கு அடிக்கற தாரையே காய்ச்சி நல்லா அடைச்சிட்டேன். ஒரு சொட்டு பூராது!”

செபாஸ்டின் எழுந்து மோட்டாரின் காலைத் திருப்பிப் பார்த்தார். தார், தேர்ந்த கையால் வழவழவென்று பூசப்பட்டிருந்தது. பரிசலாக இருந்தால் பத்து வருஷம் தாங்கும்.

“மாதாவே!” என்று தலையில் கை வைத்தார். “ஏனுங்க, அது ஓட்டை இல்லீங்க, வாயி! தண்ணி குடிச்சு ஒடம்ப ஆத்திக்கிட்டு, ஒண்ணுக்கு வுடுது. நீங்க வாய அடைச்சுட்டீங்க. பாவம், நீர்க்கடுப்புல துடிச்சிருக்குது!”

மாதப்பனின் முகம் சுருங்கிவிட்டது. மோட்டாரைப் பார்த்து, “தெரியாமப் பண்ணிட்டேன் கண்ணு” என்றார்.

தாரைச் சுரண்டிவிட்டுக் காலைக் கழற்றினார் செபாஸ்டின். உள்ளே இருந்தது ஒரு சின்ன பம்பு. அதைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்டதுபோல இருந்தது அவருக்கு. ஆனால் தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் கருகி உதிர்ந்திருந்தன. காய்ந்த பம்பை ஓட்டினால் அப்படித்தான் ஆகும். பெஞ்சில் வைத்துக் காய்ச்சியது யார் என்பது அவருக்குத் தெரியும்.

“இதுவும் நான் பண்ணதுங்களா?” என்று கேட்டார் மாதப்பன்.

செபாஸ்டின் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். “இல்லீங்க, இது நானு” என்றார். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

லாரி டயரை வெட்டி ஒரு சக்கரம் செய்தார். விறைப்பாக இருந்ததால் சுற்றவில்லை. மெத்தென்ற ரப்பர் வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் அவர் மனைவி ராஜமேரியின் புது ஹவாய் செருப்பு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிய ராஜமேரி ஒற்றைச் செருப்போடு கடை வாசலில் வந்து நின்றாள்.

“இன்னொண்ணு எங்கீங்க?”

“மோட்டாருக்குள்ள இருக்குது.”

“அப்ப நானும் அது பின்னாலயே வரேன். ஓடுதா இல்லியான்னு என் கண்ணால பாக்கணும்.”

இருவரும் ஒட்டனூர் போனார்கள். மெக்கானிக்கே முதலில் ஏறவேண்டும் என்று கரையே வற்புறுத்தியது. நீச்சல் தெரியாத செபாஸ்டின் படகுக்குள் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிச் செபமாலை சொன்னார். ராஜமேரி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதப்பன் கயிற்றை இழுத்தார்.

“போவுது! ஒண்ணுக்குப் போவுது!” என்று மாதப்பன் கூவ, கரையில் ஆண் பெண் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

சூடேறாமல் படகு அக்கரை போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது மட்டும் செபாஸ்டின் ஏற மறுத்துவிட்டார். கொளத்தூர் வரை நடந்து, மேட்டூர் பஸ் பிடித்து, தர்மபுரி சுற்றி, மறுநாள் காலையில்தான் பாலக்கோடு வந்து சேர்ந்தார். படகிலேயே திரும்பிய ராஜமேரி முந்தின நாளே வந்து மீன் குழம்பு வைத்து, சாப்பிட்டும் முடித்திருந்தாள்.

“கெண்டை மீனுங்க. மாதப்பண்ணன் குடுத்தாரு” என்றாள். “சட்டிய வழிச்சா ஒரு வாய்க்கு வரும்.”