விரல் உறைக்குள் யாரோ

ஒரு ரப்பர் உறைக்குத் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த முட்டாள் நான். அதுவும் படித்த முட்டாள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நான் சிரித்து முடித்துவிட்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட்தான் எங்கள் கம்பெனி. விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் சிலிகோன் உறைகள் செய்கிறோம். உள்ளே கடுகளவு காற்றுப் பைகள். கணினி சொன்னால் உப்பி விரலை அழுத்தும். திரையில் பட்டுப்புடவையைத் தொட்டால் விரலிலும் பட்டு தெரியவேண்டும், அதுதான் லட்சியம். இப்போதைக்குக் கோணிப்பை வரை வந்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு சென்சார் தட்டு உண்டு. அதை ஒருவர் தொட்டால் அந்தத் தொடுகை பதிவாகும். பிறகு யார் உறையை மாட்டினாலும் அவர் விரலில் அப்படியே விழும்.

ராத்திரி சும்மா கிடந்த உறைகள் காலையில் விறைத்திருக்கும். ஷட்டரைத் திறப்பவர் சென்சார் தட்டில் கொஞ்ச நேரம் விரலால் தட்டி, காற்றை ஓடவிட்டு அவற்றைத் தளர்த்துவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் திறப்பவன் நான்தான்.

ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸோடு அப்பா வந்தார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அன்று அவருக்கு லீவு. உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இன்னா நைனா இது, பால் பாட்டில் ரப்பர் மாதிரி கீது. இத்த மாட்டிகினு உக்கார்றதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?”

“இந்தத் தட்டுல வெரல வெச்சு எதுனா பண்ணுப்பா.”

தமக்குப் பழகியதைச் செய்தார். இரண்டு தட்டு, பிறகு மெதுவாக ஓர் இழுப்பு.

நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் சுவர்களுக்குக் காது கொஞ்சம் அதிகம். நைட் ஷிஃப்ட் முடித்த பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் படுத்திருப்பார். அதனால் காலையில் கிளம்பும் அப்பா வாயைத் திறக்கமாட்டார். படுத்திருக்கும் எங்கள் விரல் நுனியில் இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. போய்ட்டு வரேன் என்று அர்த்தம். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

மழைக்காலத்தில் அப்படித் தட்டிவிட்டுப் போனவர், தொழிற்சாலை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றும் நான்தான் ஷட்டரைத் திறந்தேன். உறைகளைத் தளர்த்திய பிறகு அவருடைய பதிவு நினைவுக்கு வந்தது. ஒன்றை மாட்டிக்கொண்டு, பதிவை ஓட்டும் முதல் பட்டனை அழுத்தினேன். இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. பேய்ப்படத்தில் பாதியில் பாப்கார்ன் வாங்க எழுந்து போகும் வீரன் நான். அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். “இன்னா மாமே, ரப்பர்கூட குடும்பம் நடத்துறியா?” என்பான் கூட வேலை செய்பவன். காற்றடிக்கும் கம்ப்ரஸரை நிறுத்தியதும் மிச்சக் காற்று ஏறி, மேஜையில் கிடக்கும் வெற்று உறைகள் தாமாகத் தலை தூக்கும். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்ப்பேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வந்தது. மேனாம்பேட்டில் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. அம்மா மட்டும் சாவியைக் கொடுக்கவில்லை. உறையில் அப்பா தட்டுவதை அவளிடம் சொல்லியிருந்தேன்.

“அந்த மெஷின எடுத்துகினு வாடா. இந்த ஊட்ல அவரு ஒரு வாட்டி சொல்லிகினு போவட்டும். அப்பால சாவி குடுத்துடலாம்.”

கட்டிலைக் கழற்றிக் கட்டியிருந்தோம். அது கிடந்த இடத்தில் அம்மா பாயை விரித்துப் படுத்தாள், கண்ணை மூடிக் கையை நீட்டினாள். உறையை மாட்டி, பட்டனை அழுத்தினேன்.

இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. அம்மாவின் புருவம் சுருங்கியது.

“உங்கப்பா இழுக்கசொல்ல நடுவுல ஒரு எடம் கீறும்டா. லேத்துல வெட்டுன தழும்பு. இது வழவழன்னு கீதே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டில் எதைத் தட்டினாலும் பழையதை அழித்து, அந்த முதல் பட்டனில்தான் பதிவாகும். அப்படிப் புரோகிராம் எழுதிய மேதாவியும் நானே. தளர்த்துகிறேன் என்று என் விரல் காலையில் என்ன தட்டியதோ, அதைத்தான் உடனே மாட்டிக்கொண்டு உருகியிருக்கிறேன். இரண்டு தட்டு, ஓர் இழுப்பு என்று அதற்கு நான் சொல்லித் தரவில்லை. அது எப்போது கற்றுக்கொண்டது என்பதும் தெரியாது. என் வலது கையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

“அம்மா, அப்பாவோடது அழிஞ்சிபோச்சு. இது நான்தாம்மா. என் வெரலு.” சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. “கழட்டிடவா?”

காலி அறையில் உறை மெல்ல மூச்சு விட்டது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை, கையையும் மடக்கவில்லை.

“பேசாம மறுபடி போடு.”