ஊறப்போட்ட நத்தைகள்

என் அக்கா பட்டணத்துக் கல்லூரிக்குப் போனதற்கு யார் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் டீச்சரம்மா என்பார்கள். இல்லாவிட்டால் அப்பாவின் பெரிய மனசு என்பார்கள். இரண்டுமே தப்பு. காரணம் நான்தான். பதினொரு வயதில், ஒரு மடி நத்தைகளை அள்ளித் தண்ணீரில் போட்டு அந்தக் காரியத்தைச் சாதித்தேன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் தற்பெருமையும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஊறல் தொட்டி மேஸ்திரி. ஊர் ஊராக வாங்கிய ஆட்டுத்தோல் உப்புப் போட்டுக் காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்து வந்து சேரும். அதைத் தொட்டித் தண்ணீரில் எவ்வளவு நேரம் போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. மறுநாள் தோல் துணியாக வளையும்போது ஆட்கள் "உசுரு வந்துடுச்சி" என்பார்கள். நான் அந்த வார்த்தையை அப்படியே நம்பி வளர்ந்தவள். காய்ந்தது எதுவானாலும் ஊறப்போட்டால் உயிர் வரும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

அக்காவும் நானும் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தோம். அவள் ஆறாம் பாரம், நான் முதல் பாரம். அந்த வருஷத்தோடு அவள் பள்ளிப்படிப்பு முடிகிறது. பேரணாம்பட்டு மாமா தன் மகனுக்கு அவளைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மாமன் மகன் நல்லவன்தான். அக்காவே அவனைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. இதற்கிடையில், இயற்கைப் பாடம் எடுத்த டீச்சரம்மா எங்கள் வீடு தேடி வந்து, இவளை மேலே படிக்கவையுங்கள், கல்லூரியில் நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்பா எதையும் சட்டென்று மறுக்கும் ஆள் இல்லை.

"சொன்ன வேலையச் செய்யறதுக்கு எங்க தொட்டியிலயே நிறைய பேரு இருக்காங்கம்மா," என்றார். "இவ தானா யோசிக்கிறவளான்னு எனக்குத் தெரியணும். அப்படி இருந்தா அனுப்பறேன். இல்லன்னா கல்யாணத்தை முடிச்சுடறேன்."

டீச்சரம்மா அதற்கும் வழி வைத்திருந்தார். ஆறாம் பாரத்துப் பெண்கள் ஐந்து பேரை மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போகிறேன். கடலோரப் பாறையில் என்னென்ன உயிர் எங்கெங்கே வாழ்கிறது என்று அவரவரே பார்த்து எழுதுவார்கள். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். அப்பா சம்மதித்தார். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று அம்மா மட்டும் பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் அக்காவுக்குக் காவலாக என்னை அனுப்பினார்கள்.

அரக்கோணம்வரை பெரிய ரயில், செங்கல்பட்டுக்குச் சின்ன ரயில், பிறகு பஸ், மாட்டு வண்டி, கால்வாயைத் தாண்ட ஒரு படகு. போய்ச் சேர்வதற்குள் அந்தக் காவல் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. உலகமெல்லாம் சிற்பம் பார்க்க வருகிற இடத்தில் நாங்கள் சிற்பங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையில் குந்தியிருந்தோம். அங்கே வந்த வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைத்து, அவர்களும் கொஞ்ச நேரம் குனிந்து தேடினார்கள்.

வேலை இதுதான். கடல் இறங்கியிருக்கும் காலை நேரத்தில், கஜம் நீளம் கஜம் அகலத்துக்குக் கயிற்றால் பாறைமேல் ஒரு கட்டம் போட வேண்டும். கட்டத்துக்குள் இருப்பதைத் தொடாமல் எண்ணி எழுத வேண்டும். அதே கட்டத்தில் மூன்று காலை. தண்ணீரை ஒட்டிய கட்டங்கள் கிடைத்தவர்களுக்கு நண்டு, சிப்பி, உடம்பெல்லாம் முள்ளாக உருண்டைப் பிராணி என்று கொண்டாட்டம். அக்காவுக்கு வாய்த்தது எல்லாவற்றுக்கும் மேலே, அலைச்சாரல் மட்டும் எப்போதாவது தெறிக்கிற வறண்ட பாறை. அதில் கடலைப்பருப்பு அளவில் கறுப்பு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, வேறு ஒன்றுமில்லை. முதல் நாள் எண்ணி அறுபத்து மூன்று என்று எழுதினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இதைக் காட்டி அப்பாவை எப்படி மடக்குவது என்று அவள் ராத்திரிச் சாப்பாட்டைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மற்றவர்கள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது நான் நைசாக நழுவிப் பாறைக்குப் போனேன். நத்தைகளை உற்றுப் பார்த்தேன். எல்லாம் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு காய்ந்து கிடந்தன. தொட்டால் அசைவில்லை. கடல் ஏமாற்றிவிட்டுப் போன நேரத்தில் வெளியே மாட்டிக்கொண்ட பிராணிகள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மேஸ்திரி மகளுக்கு இது ஒரு பெரிய காரியமா? அறுபத்து மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, கீழே ஒரு பாறைக்குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் ஊறப்போட்டேன். அக்கா வந்து, உயிர் வந்த நத்தைகளைப் பார்த்து, என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

அக்கா வந்தாள். வெறும் பாறையைப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் அடிக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பெண்கள்தான் தைரியம் சொன்னார்கள்.

"நேத்து எழுதின அறுபத்து மூணையே இன்னிக்கும் எழுதிடுடி. கடலா வந்து சாட்சி சொல்லப்போவுது?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். 'இரண்டாம் நாள்: ஒன்றுமில்லை. என் தங்கை எல்லாவற்றையும் எடுத்துக் கீழே உள்ள தண்ணீரில் போட்டுவிட்டாள்' என்று இங்கிலீஷில் எழுதினாள். டீச்சரம்மாவிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் அக்கா அந்தக் குழிப் பக்கத்திலேயே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் நத்தைகள் வாயைத் திறந்தன. நான் துள்ளினேன். ஆனால் அவற்றுக்குத் தண்ணீரில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் குழியின் ஓரத்துக்கு ஊர்ந்து வந்து, வெளியே ஏறி, மேல்பாறையைப் பார்த்து நடக்கத் தொடங்கின. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, எத்தனை ஏறின, எதுவரை ஏறின என்று எழுதிக்கொண்டே இருந்தாள். கடல் ஏறி வந்து காலை நனைத்த பிறகுதான் எழுந்தாள். மூன்றாம் நாள் காலையில் அவளுடைய வறண்ட கட்டத்துக்குள் ஐம்பத்தேழு நத்தைகள் பழையபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டீச்சரம்மா ஐந்து பேரையும் அங்கே கூப்பிட்டு நிற்கவைத்து, அவை தவறிப்போய் அங்கே கிடக்கவில்லை, அதுதான் அவற்றுக்குத் தோதான இடம் என்று விளக்கினார். அன்றிலிருந்து திரும்பும்வரை என்னை யாரும் திட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் அப்பா நோட்டைக் கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்கா படிக்க வந்தாள், அவர் கையமர்த்தினார்.

"எழுதினவ படிச்சா ஜாஸ்தியா சேத்துச் சொல்லுவா. சின்னவ படிக்கட்டும்."

அக்கா சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். இரண்டாம் நாள் பக்கம் வந்ததும் நிறுத்தினேன். அக்காவின் வேலையில் கை வைத்தேன் என்று தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். அதில் கைதேர்ந்த ஊர் எங்கள் ஊர். என்னைப் பற்றிய வரியை விட்டுவிட்டு, தண்ணீரில் போட்ட நத்தைகள் மேலே ஏறிய கதையை உற்சாகமாகப் படித்து முடித்தேன்.

"இரு," என்றார் அப்பா. "தண்ணியில போட்டது யாரு?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். "அக்காதாம்பா."

"டீச்சரம்மா போடச் சொன்னாங்களா?"

"இல்லப்பா."

அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிலைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அப்பா நோட்டை வாங்கி, தனக்குப் புரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் புரட்டினார்.

"ஊறப்போடறவன் ஆயிரம் பேரு இருக்கான்," என்று அம்மாவிடம் சொன்னார். "போட்டுட்டு, அது இன்னா ஆவுதுன்னு நாளெல்லாம் வெயில்ல குந்திப் பாத்திருக்கா இவ. பேரணாம்பட்டுக்கு நான் சொல்லிக்கறேன்."

அக்கா ஜூன் மாதம் ரயிலேறினாள். அவளைப் போல ஒரு அக்கா யாருக்கு வாய்க்கும் என்று நான் என் வகுப்பில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. எல்லாரும் சொல்லியும் நோட்டில் ஒரு பொய் எண்ணை எழுத மறுத்தவள், தங்கை திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யைப் பொறுத்துக்கொண்டாள் என்று பெருமைப்பட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறக்காதது எனக்காக இல்லை என்பதும், அவளுக்குப் போக அவ்வளவு ஆசை இருந்தது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.