பூட்டின் மேல் இருந்த கை

போன வியாழக்கிழமை காலை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இந்திராணி போன் செய்தார். "சார், அவங்க போயிட்டாங்க. டீயக் குடிச்சுட்டு டம்ளரக் கீழ வச்சாங்க, அவ்வளவுதான்." அவர் கணவர் வீரையா, நம் ரயிலில் கேட் கீப்பராக இருந்தவர். குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். மனிதர் அடிபட்டுச் சாகவில்லை, டீ குடித்துவிட்டுப் போனார் என்று முதலில் தோன்றியது. அவரை அறிந்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும்.

அறந்தாங்கி வழியாகப் போகும் நம் கிளைப்பாதையை அகலமாக்குவதற்காகப் பல ஆண்டுகள் மூடி வைத்திருந்தார்கள். திறந்தபோது கேட்டுகளில் நிற்க ஆள் போதவில்லை. வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு ஒரே அளவுகோல் இருந்தால் என்ன செய்வோம்? கைமாற்றிக் கொடுப்போம். அப்படித்தான் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் ரயில் நிற்கும். முதல் பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைப் பூட்டுவார், பச்சைக்கொடி காட்டுவார், ஏறிக்கொள்வார். சாலையைக் கடந்ததும் ரயில் மறுபடி நிற்கும். கடைசிப் பெட்டிக்காரர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார். கண்மாய்க் கரையையும் தைலமரக் காட்டையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போய்ச் சேருவேன். எங்கள் முன்பெட்டிக்காரர் வீரையா. பட்டாளத்திலிருந்து வந்தவர்.

வேகமாக வரும் ரயிலிடம் நம் ஆட்களுக்குப் பயம் உண்டு. நின்று நின்று போகும் ரயிலிடம் மரியாதை கிடையாது. கேட்டை எட்டி உதைப்பார்கள். ஒருமுறை சோடா பாட்டில் பறந்து வந்து அவர் காலடியில் உடைந்தது. வீரையா கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு ஏறினார். "பயப்படுறவன் பொழச்சுக்குவான் சார். எளக்காரமா நெனைக்கிறவன்தான் செத்துப்போவான்" என்றார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அது. பொன்னமராவதிப் பக்கம் ஜல்லிக்கட்டுக்குக் காளை ஏற்றிப்போன சிறிய லாரி ஒன்று கேட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டது. வீரையா பூட்டிக் கொடி காட்டிவிட்டார். லாரியிலிருந்து நாலைந்து பேர் குதித்தார்கள். முன்னால் வந்தவன் கார்த்தி. அவருடைய அக்கா மகன், என்னிடம் படித்தவன்.

"மாமா, தொறங்க. காளைக்கு டோக்கன் வாங்க நேரமாச்சு."

"கொடி காட்டியாச்சுடா மாப்ள. செத்த பொறு."

"இந்த வண்டிக்கா? எங்க காளை நடந்தே முந்திப் போயிரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். வீரையாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கார்த்தியின் கை அவர் கன்னத்தில் விழுந்தது. சாவியைப் பிடுங்கப் பார்த்தார்கள். அவர் அதைக் கருவேலம் புதருக்குள் வீசிவிட்டு, பூட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் குனிந்துகொண்டார். ரயில் அதற்குள் நகர்ந்திருந்தது. டிரைவர் ஹாரனை அலறவிட்டுப் பிரேக் போட, எங்கள் பெட்டி சாலையின் நடுவே நின்றது. இனிக் கேட்டைத் திறந்தாலும் லாரி போக வழியில்லை. ஆனாலும் அடி நிற்கவில்லை. மாட்டுக் கம்பால் கார்த்தி அந்தக் கைகளின் மேலேயே அடித்தான். எலும்பு உடையும் சத்தம் ஜன்னலோரத்தில் இருந்த எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. வேறு பெட்டிகளிலிருந்து ஆட்கள் கல்லோடு ஓடிவந்த பிறகுதான் அவர்கள் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தக் காளை அன்று யாருக்கும் பிடிபடாமல் ஒரு பீரோவைப் பரிசாக வாங்கியது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது கார்த்தியின் தாய் வள்ளி அங்கே இருந்தார். "தம்பி, அவனுக்குச் சிங்கப்பூர் பெர்மிட் வந்திருக்குடா. கேசுன்னு ஆயிட்டா பாஸ்போர்ட்டே போச்சு. ஒன் மருமகன்டா அவன்!"

நானும் என் பங்குக்கு ஓர் உதாரணம் சொன்னேன். "ஒரு பரீட்சையில தப்புப் பண்ணினவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிருவோமா, வீரையா?"

அவர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு மருமகன்தான் சார், இல்லைங்கல. நாளைக்கு அந்தக் கேட்டுல வேற ஒருத்தன் நிப்பான். அவனுக்கு இவன் யாரு?" பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஜன்னல்லதான இருந்தீங்க. பாத்தத மட்டும் சொல்லிருங்க."

வள்ளி, தான் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பிளாஸ்க்கைச் சுவரில் ஓங்கி அடித்துவிட்டு வெளியேறினார்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு நடந்தவற்றில் பலவற்றை இதே ஊரில் இருக்கும் நீங்களும் பார்த்தீர்கள். பட்டப்பகலில் வீரையாவின் வைக்கோற்படப்பு எரிந்தது. கல் பட்டு இந்திராணியின் நெற்றி கிழிந்தது. என் ஸ்கூட்டர் சீட்டை அரிவாளால் கொத்தியிருந்தார்கள். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி ஊரே வந்து நின்றது. அவர் வாங்கவில்லை. கார்த்தி சில மாதங்கள் உள்ளே இருந்தான். சிங்கப்பூர் போகவில்லை. அக்காவும் தம்பியும் அதன் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

வியாழன் மதியம் வள்ளி வந்தார். அழுதுகொண்டு வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய், இறந்துகிடந்த தம்பியின் கன்னத்தில் பளாரென்று அறைந்தார். "எந்திரிடா! எங்கிட்டப் பேசாமயே போயிருவியா?" மறுபடியும் அறைந்தார். யாரோ பிடித்து இழுக்கப் போனார்கள். "விடுங்க, அவங்க தம்பிதான?" என்றார் இந்திராணி. மூன்றாவது முறை ஓங்கிய வள்ளியின் கை தம்பியின் நெஞ்சின் மேல் விழுந்து அங்கேயே கிடந்தது.

கார்த்தி வீட்டுக்குள் வரவில்லை. சாலையோரம் நின்றிருந்தான். நான் கிளம்பும்போது பக்கத்தில் வந்தான்.

"சார், கோர்ட்டுல ஏழு அடின்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாப்பா."

"ஒம்போது சார். மாமா கைய எடுத்துருவாரு, எடுத்துருவாருன்னு எண்ணிக்கிட்டேதான் அடிச்சேன்."

வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த வாக்குமூல நகலை எடுத்து, ஏழு என்று இருந்ததை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். சட்டத்துக்கு அது தேவையில்லை. வீரையாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த எண்தான். ஒன்பது முறை விழுந்தது, அவர் கையை எடுக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.