மஸ்கெலியாவுக்கு ஓர் அரை டிக்கெட்

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அச்சுவேலிப் பஞ்சலிங்கத்தை அறிந்தவர் இல்லை. பேய், பிசாசு, முனி என்று யாராவது கதை தொடங்கினால் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விடுகிற மனிதர் அவர். அந்தப் பஞ்சலிங்கமே, “கண்ணாலை கண்டதை நான் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?” என்று கேட்டார். அவருடைய மனைவி சிவக்கொழுந்து கண்டதோ அதைவிடக் கூடுதல். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

1983ஆம் ஆண்டு, பங்குனி மாதம்.

பஞ்சலிங்கத்துக்குப் புகையிலைத் தோட்டம். பிள்ளைகள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு தரகர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை வீட்டு வேலைக்கென்று கொண்டுவந்து விட்டுப் போனார். பெயர் தெய்வானை. முற்றம் கூட்டும். ஆட்டுக்குக் குழை போடும். முதல் வருடம் அது வேலைக்கு வந்த பிள்ளைதான். இரண்டாம் வருடம் சிவக்கொழுந்து அதற்குத் தலை இழுத்துப் பின்னிவிடத் தொடங்கினாள். மூன்றாம் வருடம் அது அவளுடைய பாயிலேயே பக்கத்தில் படுத்தது.

படுத்துக்கொண்டு மலைக்கதை சொல்லும்.

“எங்க லயத்துல இருந்து பாத்தா சிவனொளிபாத மலையில லைட்டெல்லாம் மாலை மாதிரி தெரியும்மா. நான் ஒருநாளும் ஏறினதில்ல.”

தை மாதம் அதற்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் இரவு கண் செருகியது. பஞ்சலிங்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடிக்க ஓடினார். அவர் காரோடு படலைக்கு வந்தபோது உள்ளே சத்தமில்லை. சிவக்கொழுந்து மட்டும் சுவரோடு சாய்ந்திருந்தாள். பிள்ளையின் தலை அவள் மடியில் இருந்தது.

தாய் தகப்பனுக்குத் தந்தி அடித்தார்கள். அந்தப் பெயரில் அந்தத் தோட்டத்தில் எவரும் இல்லையென்று தந்தி திரும்பி வந்தது. அதற்குள் பிள்ளையைப் புதைத்தாயிற்று. முப்பத்தோராம் நாள் சிவக்கொழுந்து கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்தாள்.

“வேலைக்கு வந்த பெட்டைக்கு அந்தியேட்டியோ?” என்று அயல்வீட்டு இரத்தினம்மா கேட்டாள்.

“நான் என்ரை பிள்ளைக்குச் செய்யிறன்,” என்றாள் சிவக்கொழுந்து.

பங்குனி பிறந்த பிறகுதான் தகவல் கிடைத்தது. தெய்வானையின் தாய் தகப்பன் மஸ்கெலியாவுக்கு அப்பால், மலையடிவாரத்துத் தோட்டமொன்றுக்கு மாறிப் போயிருந்தார்கள். பிள்ளை செத்தது அவர்களுக்கு இன்னும் தெரியாது. பஞ்சலிங்கம் கடிதம் எழுதிப் போடுவோம் என்றார்.

“ஒரு தாய்க்கு இதைக் கடதாசியிலை சொல்லேலாது,” என்றாள் சிவக்கொழுந்து. “நேரிலை போய்ச் சொல்லோணும்.”

யாழ்ப்பாணத்தில் கோச்சி ரயில் ஏறி, பொல்காவலையில் மாறி, அட்டனில் இறங்கினார்கள். அங்கிருந்து பஸ். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூறல்.

கொண்டக்டர் வந்தான்.

“மஸ்கெலியா தாண்டிப் போகணும்னா ரெண்டு முழுசு. ஒரு அரை.”

“ஆருக்கு அரை?” என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

“பாப்பாவுக்குத்தான்.”

அவன் யன்னல் பக்கம் கை காட்டினான். அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் சிவக்கொழுந்து யன்னலோரமாக ஒரு பிள்ளை இருக்கக்கூடிய இடத்தை விட்டுத்தான் அமர்ந்திருந்தாள். ஏன் அப்படி அமர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கொண்டக்டர் குனிந்து பார்த்தான். கண்ணைக் கசக்கினான். இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவன் வரவில்லை.

மஸ்கெலியாவைத் தாண்டி, மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கியபோது இருட்டிவிட்டது. “பொழுதுபட்டாப் பிறகு ஒரு வீட்டுக்குச் சாவு சொல்லப் போகப்படாது. விடியப் போவம்,” என்றார் பஞ்சலிங்கம். அது வழக்கத்துக்காக மட்டும் சொன்னதல்ல. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயம்.

சிவக்கொழுந்து அண்ணாந்து பார்த்தாள். கறுத்த மலை. அதில் அடியிலிருந்து உச்சிவரை மின்விளக்குகள். மாலை மாதிரியே தெரிந்தன.

“ஏறுவம்,” என்றாள். “அது ஆசைப்பட்டது.”

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் கோயில் படிக்கட்டுத்தான். இது வேறு. முதலில் தேயிலைக்குள் வளைந்து போன பாதை, பிறகு நேரே எழும்பி நின்றது. இரண்டு பக்கமும் காடு. மரங்களெல்லாம் பாசி மூடி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். பௌர்ணமிப் போயா நாள் அல்லாததால் சனம் குறைவு. முன்னால் தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பாட்டுப் படித்துக்கொண்டு ஏறினார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இவர்களும் ஏறினார்கள்.

பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. பஞ்சலிங்கம் வாங்கிலில் அமர்ந்தவர், எழும்ப மாட்டாமல் முழங்காலைப் பிடித்தார்.

“இறுகிப் போச்சு. நீர் மெல்லப் போம். உந்தப் பெண்டுகளை விட்டிடாதையும். நான் சூடு பிடிச்சுக்கொண்டு வாறன்.”

நின்றால் குளிர் எலும்புக்குள் இறங்கியது. சிவக்கொழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள். கடை மணிக்கூட்டில் ஒன்று நாற்பது.

கொஞ்சத் தூரம் போனதும் போர்வை கனத்தது. வலப்பக்க முனை. மழை ஊறியிருக்கும் என்று நினைத்தாள். பிடித்துப் பார்த்தாள். நனையவில்லை.

மறுபடி நடந்தாள். மறுபடி கனத்தது. பின்னால் வருகிற யாரோ அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோல...

திரும்பினாள். படிகள் மட்டும்தான்.

மழை பிடித்தது. முன்னால் போனவர்களின் பாட்டு ஒரு வளைவுக்கு அப்பால் மெலிந்தது. அவள் எட்டி நடந்தாள். இன்னும் மெலிந்தது. பிறகு இல்லை.

அப்போதுதான் விளக்குகள் அணைந்தன.

ஒன்றல்ல. மலை முழுக்க, ஒரே நேரத்தில். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

“இஞ்சேருங்கோ...” என்று கணவரைக் கூப்பிட்டாள். காடு அந்தக் குரலை விழுங்கிவிட்டது.

அவள் அசையாமல் நின்றாள். ஒரு பக்கம் சுவர்போலப் பாறை. மறுபக்கம் பள்ளம். எந்தப் பக்கம் எது என்று மறந்துவிட்டது.

சொட்... சொட்... மரங்களிலிருந்து தண்ணீர்.

அதற்கிடையில் இன்னொரு சத்தம்.

சப்... சப்... சப்...

வெறுங்கால். சின்னக் கால்.

படியேறி வந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

ஒரு கை அவள் கையைத் தேடியது. அவளுடைய கடைசி இரண்டு விரல்களை மட்டும் பற்றிக்கொண்டது.

அப்படிப் பிடிக்கிற ஒரு பிள்ளையைத்தான் அவளுக்குத் தெரியும். அச்சுவேலிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அது அந்த இரண்டு விரலைத்தான் பிடிக்கும்.

அந்தக் கை மழையில் நனைந்திருக்கவில்லை. குளிரவும் இல்லை. காய்ச்சல் காய்ந்தது.

கத்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஓடவும் தோன்றவில்லை.

“பிள்ளை...?”

கை இழுத்தது.

ஏறினாள்.

கால் வைத்த இடமெல்லாம் படி இருந்தது. ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. கம்பி பிடித்து ஏறுகிற செங்குத்து வந்தது. அங்கேயும் கை முன்னால் போய் நின்று இழுத்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

பக்கத்தில் மூச்சுச் சத்தமே இல்லை.

“மோனை... என்னோடை கதையன்.”

சப்... சப்...

“நோகுதோ இன்னும்?”

கால்கள் நின்றன.

காதுக்குக் கிட்ட, மெல்ல...

“இல்லம்மா.”

சிவக்கொழுந்து அழுதுகொண்டே ஏறினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த இருட்டு முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பயம் எங்கோ போய்விட்டது. இந்தக் கை விட்டுவிடப் போகிறது என்கிற பயம்தான் மிச்சம்.

ஓரிடத்தில் கை இடப்பக்கம் திரும்பியது. அங்கே காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை இறங்குவதை அவள் காலால் உணர்ந்தாள். கீழே, அதலபாதாளத்தில், ஒரு குப்பி விளக்கின் பொட்டு வெளிச்சம்.

“அந்தா...” என்றது குரல்.

“போகாதை. ராசாத்தி, போகாதை...”

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

பளிச்சென்று மலை முழுக்க விளக்குகள் எரிந்தன.

அவள் மட்டும் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து பஞ்சலிங்கம் இரைக்க இரைக்க ஏறி வந்தார். கையில் டோர்ச். முகம் வெளிறியிருந்தது.

“எத்தினை தரம் கூப்பிட்டனான்! ஏன் நிக்கேல்லை?” என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். “அந்தப் பிள்ளை எங்கை?”

“எந்தப் பிள்ளை?”

“கீழை இருந்து டோர்ச் அடிச்சனான். உம்மடை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டு போச்சுதே. பின்னலோடை...”

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார். பின்னலை அவருக்கும் தெரியும். உச்சியில் போய்க் கும்பிட்டார்கள். சூரியன் எழும்பியதை அவர் பார்த்தார். அவள் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது சிவக்கொழுந்து அந்த இடத்தைத் தேடினாள். கம்பிப் படிக்கு மேலே, பாறையில் ஒரு வெடிப்பு. அதுதான் இடம். இடப்பக்கம் பாதை இல்லை. ஒற்றையடிகூட இல்லை. இரண்டு தென்னை உயரத்துக்கு வெறும் பள்ளம்.

தோட்டத்தைத் தேடிப் பிடித்தபோது பகல் பத்து மணி. பெண்களெல்லாம் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். லயத்து வரிசை அறைகளில் ஒரு வாசலில் மட்டும் ஒருத்தி குந்தியிருந்தாள். அழுதழுது வீங்கிய முகம். இவர்களைக் கண்டதும் எழும்பினாள்.

“யாழ்ப்பாணத்து அம்மாவா?”

சிவக்கொழுந்துக்குத் தலை மட்டும் ஆடியது. பஞ்சலிங்கம்தான் பேசத் தொடங்கினார்.

“அம்மா, நாங்கள் உங்கடை மகளைப் பற்றி ஒரு...”

“வேணாங்கய்யா. நீங்க சொல்ல வேணாம்,” என்றாள் அங்கம்மா. அதுதான் தெய்வானையின் தாயின் பெயர்; பிள்ளைக்கு அவள் ‘ஆயா’. “அவளே வந்து சொல்லிட்டா.”

லயத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு கோழி கேறிக்கொண்டிருந்தது.

“ராத்திரி மலையில லைட்டெல்லாம் அணைஞ்சு கெடந்துச்சு. கூரை ஒழுகி, நான் குப்பி வெளக்க வச்சுக்கிட்டு தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தேன். மலையில பளிச்சுன்னு லைட்டு வந்துச்சு. திரும்பிப் பாக்கிறேன்... உள்ள குந்திக்கிட்டிருக்கா. ஓடிப் போய்த் தூக்கப் போனேன். ‘தொடாத ஆயா, நான் இல்ல’ன்னா.”

அங்கம்மா முந்தானையை வாயில் அமுக்கினாள். பிறகு எடுத்தாள்.

“காச்ச வந்திச்சின்னா. யாழ்ப்பாணத்து அம்மா மடியிலதான் தலை இருந்திச்சின்னா. ‘அவங்க வருவாங்க, ஏசாத’ன்னா. ‘இத்தன நாளா ஏன்டி வரல்ல?’ன்னு கேட்டேன். நீங்க கூட்டிக்கிட்டு வர்றதா சொன்னீங்களாம். அதுதான் உங்க தலைமாட்டுலயே ஒக்காந்து காத்துக்கிட்டிருந்தாளாம். நீங்க பொறப்பட்டதும் கூடவே வந்தாளாம்.”

“என்னெண்டு சொன்னனான்?” என்று கேட்டாள் சிவக்கொழுந்து.

அங்கம்மா மலையகத்தைவிட்டு வெளியே போகாதவள். இவர்கள் வரும்வரை யாழ்ப்பாணத்துப் பேச்சை அவள் கேட்டதேயில்லை. அவள் வாயைத் திறந்தாள். வந்தது சிவக்கொழுந்தின் பேச்சு. சொல்லுக்குச் சொல். இழுக்கிற இடத்தில் இழுத்து.

“‘விடியட்டும் மோனை. அம்மா உன்னை வீட்டை கூட்டிக்கொண்டு போறன். இப்ப கண்ணை மூடு.’”

பஞ்சலிங்கம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த இரவு அவர் கார் தேடி ஓடியிருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

“அப்பிடிச் சொன்னனீரோ?”

அந்தச் சொல்லை அவள் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவருக்கும்கூட.

“ஓம்,” என்றாள் சிவக்கொழுந்து.